பொதுவுடைமையும் சமய நம்பிக்கையும்: தென்னிந்திய, ஈழத்து அனுபவம்

பொதுவுடைமைக் கோட்பாடு பொருள்முதல்வாதத்தின் மேல் நிற்பது. கடவுள், மறுமை, விதி எதையும் அது ஏற்பதில்லை. ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையின் வடக்கிலும் செங்கொடியின் கீழ் திரண்ட உழவரும் தொழிலாளரும் பெரும்பாலும் சாமி கும்பிடுகிறவர்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு இங்கே தத்துவ விவாதங்களில் உருவானதைவிட, கோயில் வாசலிலும் மடத்து வயலிலும்தான் அதிகம் உருவானது.

மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸின் கட்டுரை 1844இல் வெளிவந்தது. அதே பத்தியில், ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் துயரை வெளியிடும் வழியாகவும் மதத்தை அவர் கண்டார் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். லெனின் 1905இல் எழுதிய கட்டுரையில், அரசைப் பொறுத்தவரை மதம் தனிமனிதர் விவகாரம் என்றார். கட்சி நாத்திகப் பரப்புரை செய்யும், ஆனால் நம்பிக்கையாளருக்குக் கதவை மூடாது என்பது அவர் நிலை. ஆட்சி கைக்கு வந்தபின் சோவியத் நாட்டில் நடந்தது வேறு. மதகுருமார் சிறையிலிடப்பட்டனர், 1931இல் மாஸ்கோவின் பெரிய தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1967இல் அல்பேனியா வழிபாட்டையே தடைசெய்தது. இவை கொடுமைகள்; எந்தக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாதவை.

இந்தியத் தொடக்கம் வேறு மாதிரியானது. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் ம. சிங்காரவேலர். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு, சென்னையில் மகாபோதி சங்கப் பணிகளில் பங்கேற்றவர் அவர்; பின்னாளில் சுயமரியாதை இயக்கத்தின் ‘குடி அரசு’ இதழில் அறிவியலையும் பொருள்முதல்வாதத்தையும் எளிய தமிழில் எழுதினார். அதே மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. பலமுறை ஹஜ் சென்றவர், கண்ணன் மீது கவிதை பாடியவர். நாத்திகரும் இறைப்பற்றாளரும் ஒரே மேடையில் இருந்துதான் இந்தியப் பொதுவுடைமை இயக்கம் பேசத் தொடங்கியது.

தமிழகத்தில் ப. ஜீவானந்தம் (1907–1963) இந்த உறவின் இரு முனைகளையும் தொட்டவர். சுயமரியாதை இயக்கத்தில் இருந்தபோது, நாத்திகம் பற்றிய பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகக் கைதானார். பிற்காலத்தில் கம்பனைப் போற்றி மேடைதோறும் பேசினார். பக்தி இலக்கியத்தை மக்களின் சொத்தாகப் பார்க்கலாம் என்ற துணிவு தமிழ்ப் பொதுவுடைமையருக்கு அவர் தந்தது. மறுபக்கத்தில், குன்றக்குடி அடிகளார் சைவ மடத்தின் தலைவராக இருந்துகொண்டே பொதுவுடைமையரோடு நட்புப் பூண்டார். தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க. மார்க்சியத்தைச் சன்மார்க்கத்தோடு இணைத்துப் பார்த்தார்.

ஆய்வுத் துறையில் நா. வானமாமலையின் பங்கு தனியானது. 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கிய இவர், முத்துப்பட்டன் கதை போன்ற நாட்டார் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். பிராமணனாகப் பிறந்து அருந்ததியப் பெண்களை மணந்து, கொலையுண்டு தெய்வமானவன் முத்துப்பட்டன். மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட வழிபாட்டில் சாதிக் கொடுமையின் நினைவு உறைந்திருப்பதை மார்க்சியர் ஒருவரே எடுத்துக்காட்டினார்.

தஞ்சையில் மோதல் நிலத்தின் பேரில் வந்தது. கோயில்களும் மடங்களும் அங்கே பெரும் நிலவுடைமையாளர்கள். 1943இல் மன்னார்குடிப் பகுதியின் தென்பரையில் மடத்து நிலக் குத்தகையாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சங்கமாகத் திரட்டினார். பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பால் குடிக்கவைப்பதும் தண்டனையாக இருந்த காலம் அது. அந்த உழவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். மடத்தின் குத்தகைக் கணக்கைத்தான் எதிர்த்தார்கள். இரண்டையும் குழப்பாமல் பிரித்துப் பார்த்ததே அந்தச் சங்கத்தின் பலம்.

கோயில் நுழைவுப் போராட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. 1931–32 குருவாயூர் சத்தியாகிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்தவர் ஏ.கே. கோபாலன், கோயில் மணியை அடித்து அடிபட்டவர் பி. கிருஷ்ணபிள்ளை. இருவரும் பின்னர் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சியைக் கட்டி வளர்த்தனர். யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் இதைவிடக் கடுமையானது. சீன சார்புக் கம்யூனிஸ்டுகள் முன்னின்ற தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அதை நடத்தியது. தடுத்து நின்றவர்களின் தலைவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அக்கோயில் கதவு திறக்கவில்லை. எழுத்தாளர் கே. டானியல் இவ்வியக்கத்தில் நின்றவர். ‘பஞ்சமர்’ நாவல் அந்த யாழ்ப்பாண வாழ்விலிருந்து பிறந்தது. கடவுளை நம்பாதவர்கள் கடவுளைக் காணும் உரிமைக்காக அடிவாங்கியதை முரண் என்று கேலி செய்தவர்கள் உண்டு. வாசலில் மறுக்கப்பட்டது மனித மதிப்பு என்பதை அவர்கள் காணவில்லை.

ஆட்சியில் இருக்கும்போது சிக்கல் கூடுகிறது. கேரளத்தில் இடது முன்னணி ஆட்சியின்போது, 2017இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் தலித்துகள் 6 பேர் உட்பட 36 பிராமணரல்லாதாரை அர்ச்சகர் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு, எல்லா வயதுப் பெண்களும் கோயிலுக்குச் செல்லலாம் என்ற சபரிமலைத் தீர்ப்பை நிறைவேற்ற முனைந்தபோது, கட்சியின் சொந்த வாக்காளர்களே பிளவுபட்டனர். 2019 மக்களவைத் தேர்தலில் 20 தொகுதிகளில் ஒன்றுதான் கிடைத்தது. உறுப்பினர்களின் சமயச் சடங்குகள் குறித்த மார்க்சிஸ்ட் கட்சியின் நெறிமுறையை ஏற்க முடியாமல், ஆலப்புழை முன்னாள் மக்களவை உறுப்பினர் கே.எஸ். மனோஜ் 2010இல் விலகினார். அணிகளின் அன்றாட வாழ்வைக் கட்சி ஆணையால் மாற்ற முடியாது என்பதற்கு இது போதுமான சான்று.

ஆந்திரத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் நாகலாபுரத்தில், கிருஷ்ணதேவராயர் காலத்து வேதநாராயண சுவாமி கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது. அந்தத் தேவஸ்தானத்தின் ஊழியர்களிடையே சிஐடியு, ஏஐடியுசி என்ற இடதுசாரித் தொழிற்சங்கங்கள் இயங்குகின்றன. ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியும் பணி நிரந்தரமும் அவற்றின் கோரிக்கைகள். பெருமாளை நம்பும் தொழிலாளி, கூலிக்காகச் செங்கொடி பிடிப்பதில் எந்தக் கூச்சமும் காண்பதில்லை.

தமிழகத்தில் கோயில் நுழைவுப் போராட்ட மரபின் பிற்காலச் சான்று மதுரை மாவட்டம் உத்தப்புரம். தலித்துகளைப் பிரித்து நின்ற சுவருக்கு எதிராகத் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடியதில், 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 2011 நவம்பர் 10 அன்று அவ்வூர்த் தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர்.