கோட்டை, பங்களா, தீவு: போடி மலையில் மூன்று நாள்

பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. ஸ்காட்லாந்துக்குப் போய் வந்தோம், நமக்கென்று தனி வண்டி, கூடவே ஒரு வழிகாட்டி, ஐந்து நாளில் மலைக்கோட்டைகளும் ஸ்கை தீவும் பார்த்தாயிற்று என்று படங்களைக் காட்டுவார்கள். அந்தப் படங்களில் தவறாமல் இருப்பது ஐலன் டோனன் கோட்டை. நீருக்கு நடுவே கல்பாலம் போட்ட அழகான கோட்டைதான். ஆனால் பழைய கோட்டை 1719-ல் போர்க்கப்பல்களால் தகர்க்கப்பட்டு இருநூறு ஆண்டு பாழாகக் கிடந்தது. இப்போது நாம் பார்ப்பது 1932-ல் கட்டி முடித்தது. அதைச் சுற்றியிருக்கும் மலைகளின் ஆளற்ற அமைதியும் இயற்கையாக வந்ததல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆட்டுப்பண்ணைகளுக்காக நிலச்சுவான்தார்கள் குடியானவர்களை வெளியேற்றியதால் வந்த அமைதி அது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இதே வகையில் மூன்று நாள் பயணம் ஒன்றை நம் போடிநாயக்கனூரிலிருந்தே போய்வரலாம். அரண்மனை, மலைபங்களா, ஏரித்தீவு மூன்றும் வழியிலேயே இருக்கின்றன. வாடகை வண்டிக்காரர்கள் வியூ பாயிண்டில் நிறுத்துவார்கள், தேநீர்க் கடையில் நிறுத்துவார்கள். அந்தக் காட்சியை யார் உண்டாக்கினார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

முதல் நாள் போடியிலேயே தொடங்கட்டும். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று, பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன் ஆனது. ஜமீன் அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் ஓவியங்களாக இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதிகாரம் போனது, ஊரின் பிழைப்பு போகவில்லை. அது ஏலக்காயில் இருந்தது. மேலே விளைவது கேரள மண்ணில் என்றாலும், தரம் பிரித்து ஏலம் விட்டு வெளியூருக்கு அனுப்புவதில் போடிக்கு இன்றும் பெரிய பங்கு உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று போடி, மற்றது மலைமேல் புற்றடி.

போடியிலிருந்து மலையைப் பார்த்தால் கொட்டகுடி, குரங்கணிப் பக்கம் ஒரு விநோதம். குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். ரயிலே இல்லாத காட்டில் எதற்கு இத்தனை ஸ்டேஷன்? அவை கம்பிவட வழியின் நிலையங்கள். மூணாறில் பெட்டியில் அடைத்த தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி, ரயிலடி, தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே முதலில் 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908 முதல் குறுகிய பாதை ரயில் ஓடின. 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் மொத்தமும் அடித்துச் செல்லப்பட்டது. மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள், அவர்கள் ஆண்டு 1099. மூணாறின் முதல் வாசல் இன்று எல்லோரும் நினைப்பதுபோல் கொச்சி அல்ல, போடிதான். அந்தப் போடிக்கு 1928-ல் ரயில் வந்தது, போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போனார்கள், திரும்ப வந்தது, 2010-ல் அகலப்பாதைக்காக நின்றது. 2023 ஜூனில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.

குரங்கணி என்றதும் நம்மில் பலருக்கு 2018 மார்ச் 11 நினைவுக்கு வரும். கொழுக்குமலையிலிருந்து நடந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். பணம் கட்டி, வழிகாட்டியோடு வந்தவர்கள்தான். கோடையின் தொடக்கத்தில் அந்தச் சரிவின் போதைப்புல் பஞ்சுபோல் காய்ந்திருக்கும். வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்கு 'நான் பார்த்துக்கொள்கிறேன் சார்' என்று யார் கூப்பிட்டாலும் நம் குடியிருப்பிலிருந்து யாரும் போகக் கூடாது என்பது என் கருத்து. வண்டியில் போடிமெட்டு ஏறினாலே போதும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் திகட்டத் திகட்டக் காட்சி தரும்.

இரண்டாம் நாள் மூணாறு. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு மன்னர் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய 1,37,000 ஏக்கர், ஒரே பத்திரம். முத்துவர்கள் அதற்கு முன்பே அந்த மலையில் வாழ்ந்தவர்கள். பத்திரம் எழுதும்போது அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இருபது ஆண்டில் அந்த நிலம் கண்ணன் தேவன் கம்பெனிக்குப் போனது. அதன் பின்னால் இருந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம். மலைபங்களாவும், கிளப்பும், ஓடையில் விட்ட டிரவுட் மீனும், 1911-ல் திறந்த கல்தேவாலயமும் ஊர் ஏக்கத்தில் கட்டிய சின்ன ஸ்காட்லாந்து என்றே எனக்குப் படும். தேவாலயத்துக்கு முன்பே அங்கே கல்லறை வந்துவிட்டது. முதலில் புதைக்கப்பட்டவர் 1894-ல் காலராவில் இறந்த இளம்பெண், ஒரு தோட்ட அதிகாரியின் மனைவி.

ஸ்காட்லாந்தில் மலையிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். இங்கே கங்காணிகள் மூலம் கீழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். பச்சைக் கம்பளம் என்று நாம் படமெடுக்கும் சரிவு ஒவ்வொன்றும் அவர்கள் காடு வெட்டி, குழி தோண்டி நட்டது. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தபோது அந்தத் தமிழ்க் குடும்பங்கள் மேலேயே நின்றுவிட்டன. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. 'பெண்கள் ஒருமை' என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்து வீடுகளில் தூங்கியவர்கள் எழுபது பேர் போனார்கள். பங்களாவில் தங்குங்கள், தவறில்லை. லயங்கள் எந்தப் பக்கம் என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாம் நாள் பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளி. வழி நெடுக மரநிழலில் ஏலச்செடி. தேயிலைக்குக் காட்டை மொட்டையடிக்க வேண்டும், ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால்தான் இந்தப் பாதையில் இன்னமும் பெரிய மரங்கள் மிச்சமிருக்கின்றன.

தேக்கடி ஏரியில் படகு ஏறியதும் தீவுகள் தெரியும். அவை தீவுகள் அல்ல, மூழ்கிய மலைகளின் தலைகள். நீரில் நிற்கும் பட்ட மரங்கள் அப்போது மூழ்கிய காட்டின் மிச்சம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 ஆண்டுக்கு எழுதிய குத்தகையில் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பென்னிகுக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறந்தது. கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் பலர் மாண்டார்கள். ஏரிக்கரையில் படகில்தான் போகமுடிகிற ஏடப்பாளையம் அரண்மனை திருவிதாங்கூர் மன்னர்களின் கோடை வாசம். இப்போது அது கேரளச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி. அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததால், மேல்தளம் நெரிசலாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். உயிர்க்காப்பு மேலாடையைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

நாம் அந்த ஏரியை முல்லைப்பெரியாறு வழக்கின் வழியாக மட்டுமே அறிவோம். 142 அடியா 136 அடியா என்று தொலைக்காட்சியில் கத்துவார்கள். குமுளியிலிருந்து கீழே இறங்கும்போது லோயர் கேம்ப்பில் மலையை ஒட்டி இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பாருங்கள். தீவுகளைச் சூழ்ந்து நின்ற தண்ணீர் மலையைக் குடைந்து வந்து அந்தக் குழாய்களில்தான் விழுந்து மின்சாரமாகிறது. பக்கத்திலேயே பென்னிகுக் மணிமண்டபம், 2013-ல் திறந்தது. சாலையிலிருந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் தொடங்குவது கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கள். முதல் போகம் 14,707 ஏக்கர். அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி வாக்கில் திறப்பார்கள். அந்த வாரம் போகிறவர்களுக்கு நாற்றங்கால் உழவு கண்ணில் படும்.