கொல்லையில் ஒரு வீடு

கலிபோர்னியாவில் வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். பழைய கராஜ்களை அளக்கும்போது, யாரோ ரகசியமாக இழுத்த தண்ணீர்க் குழாய் அகப்படும். கராஜை வீடாக்கக் கேட்டாலும் அனுமதி கிடைக்காத காலத்தில், வயதான தாய்க்கென்று யாரோ ஒளித்துப் போட்ட குழாயாக இருக்கலாம். எனக்கு மனம் கனக்கும்.

1916இல் பெர்க்லி நகரம் ஒரு மனைக்கு ஒரே குடும்பம் என்று மண்டலம் வகுத்தது. கறுப்பின, ஆசிய மக்களைத் தள்ளிவைக்கும் நோக்கமும் அதில் இருந்தது. 1982இல் மாநிலச் சட்டம் அதே மனையில் இரண்டாம் வீட்டுக்கு வழிவிட்டது. நகரங்களோ பொது விசாரணை, கார் நிறுத்துமிடம் என்று முட்டுக்கட்டை போட்டன. விசாரணை 2003இல் நீங்கியது.

2020இல்தான் கதவு நன்றாகத் திறந்தது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளில் முடிவு. பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். இப்போது அந்தக் குழாய்களை வரைபடத்தில் வெளிப்படையாகவே வரைகிறேன்.