மாசிப் மடத்துத் தலைவியும் எண்பத்து மூன்று பிள்ளைகளும்



யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள் என்னைத் தாமதிக்கச் செய்வதுண்டு. எகிப்தை ஆண்ட அந்தப் பார்வோனின் சொந்தப் பெயரை வேதம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இவ்விரு பெண்களின் பெயர்களையோ எழுதிவைத்திருக்கிறது. எபிரெய ஆண்பிள்ளைகளை ஏன் உயிரோடே விட்டீர்கள் என்று ராஜா கேட்டபோது அவர்கள் சொன்ன பதில் முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். இந்த வாரம் அந்தப் பகுதியை மறுபடியும் வாசிக்கையில், பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீயின் நினைவு வந்தது. அவர் பெயர் தெனிஸ் பெர்கோன்.

அவெய்ரோன் மாவட்டத்திலே, லோட் நதியின் அருகே, கப்தெனாக் என்னும் சிற்றூர் உண்டு. இரயில் பாதைகள் கூடுகிற இடம். அங்கே நோத்ர்-தாம் தெ மாசிப் என்ற கன்னியர் மடமும், அதைச் சேர்ந்த உறைவிடப் பள்ளியும் இருந்தன. 1942ஆம் ஆண்டில் அந்த மடத்தின் தலைவியாயிருந்த பெர்கோனுக்கு வயது முப்பதுதான்.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரத்தில் இரண்டே நாட்களில் ஏறக்குறைய 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்தவர்கள் ஜெர்மானியப் படைவீரர் அல்லர், பிரெஞ்சுக் காவலரே. ஆகஸ்டு மாதத்தில் தென்பகுதியிலும் அதே வேலை தொடங்கிற்று. அப்பொழுது துலூஸ் நகரத்துப் பேராயர் ஜூல்-ஜெரோ சலியேஜ் ஒரு சிறிய நிருபம் எழுதினார். அவர் பக்கவாதத்தினால் உடல் தளர்ந்தவர். பேசுவதே அவருக்குப் பெரும்பாடு. யூதரும் மனிதரே, நம்முடைய சகோதரரே, அவர்களுக்கு எதை வேண்டுமானாலும் செய்துவிட முடியாது, கிறிஸ்தவன் இதை மறக்கலாகாது என்பதே அந்த நிருபத்தின் கருத்து. அதை வாசிக்கக் கூடாதென்று அரசு அதிகாரி தடை செய்தார். ஆனாலும் ஆகஸ்டு 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்த மறைமாவட்டத்தின் பல ஆலயங்களில் அது வாசிக்கப்பட்டது. பேச முடியாத ஒருவரின் சத்தம் அவ்வளவு தூரம் கேட்டது.

அந்தப் பேராயர்தாம் யூதப் பிள்ளைகளை மறைத்துவைக்க முடியுமா என்று பெர்கோனிடம் கேட்டார். இங்கேதான் அந்த இளம் தலைவியின் மனம் தடுமாறியது. உயிர்ப்பயம் இருந்திருக்கலாம், அவர் கேட்ட கேள்வியோ வேறு. இதைச் செய்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சகோதரிகளிடத்திலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கும், அது தகுமா? இதையே பேராயருக்கு எழுதிக் கேட்டார். மனித உயிர்களைக் காப்பதற்காகவாயின் பொய் சொல்லுவோம் என்ற பொருளில் பதில் வந்தது.

இந்தப் பதிலை நான் எளிதாய்க் கடந்துபோக விரும்பவில்லை. எந்தப் பொய்யும் பாவமே என்று போதித்தவர் அகுஸ்தீன். மருத்துவச்சிகளைக் குறித்து எழுதும்போதும், தேவன் பலனளித்தது அவர்களுடைய இரக்கத்துக்கே, பொய்க்கு அல்ல என்று அவர் பிரித்துக் காட்டினார். எரிகோவின் ராகாபைக் குறித்தும் இதே வழக்கு நடந்துகொண்டேயிருக்கிறது. நம்மில் பலர் சிறு இலாபத்துக்காகப் பொய் சொல்லிவிட்டு இந்த வசனங்களைத் தேடிப் போகிறோம். பெர்கோனோ சொல்லுவதற்கு முன்னமே அதன் பாரத்தை உணர்ந்து, எழுதிக் கேட்டவர். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாய்த் தெரிகிறது.

1942 டிசம்பர் முதல் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கடைசியில் அவர்களின் தொகை 83. அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. உண்மையை அறிந்தவர்கள் பெர்கோனையன்றி மூவர் மாத்திரமே: பள்ளி முதல்வராயிருந்த மார்கரிட் ரோக், மடத்தின் குருவானவர், மற்றுமொரு சகோதரி. மீதியான சகோதரிகளுக்கு, இவர்கள் அல்சாஸ்-லொரேன் பகுதியிலிருந்து வந்த அகதிகள் என்று சொல்லப்பட்டது. அப்படியானால் இவர்களுக்கு ஜெபங்கள் ஏன் தெரியவில்லை, ஆராதனையில் ஏன் விழிக்கிறார்கள்? கம்யூனிஸ்டுக் குடும்பத்துப் பிள்ளைகள், அதனால்தான் என்று பெர்கோன் விளக்கம் சொன்னார். கன்னியர் மடத்தில் இப்படியொரு காரணம் எடுபட்டதை எண்ணினால் சற்றே சிரிப்பும் வருகிறது.

பங்கீட்டுக் காலம் அது. உணவுச் சீட்டில்லாமல் ஒன்றும் கிடைக்காது. கூடுதல் சீட்டுகளுக்காக அவர் அதிகாரிகளை மறுபடியும் மறுபடியும் நெருக்கினார். அவர்களுக்கும் அந்த வாய்கள் யாருடையவை என்று தெரியாது.

1944 மே மாதத்தில் ஆபத்து வாசலண்டை வந்தது. தாஸ் ராய்ஷ் என்னும் எஸ்.எஸ். படைப்பிரிவு அப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. அண்டை ஊரான ஃபிஜாக்கில் மே 12ஆம் தேதி நூற்றுக்கணக்கான ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த மாதம் ஒரதூர்-சுர்-கிலான் கிராமத்தில் 600க்கும் அதிகமானோரைக் கொன்றதும் இதே படைப்பிரிவுதான். மடத்தைக் குறித்துக் காட்டிக்கொடுப்பு நடந்துவிட்டதென்று எதிர்ப்பியக்கத்தார் எச்சரித்தனுப்பினார்கள்.

சிறியவர்களை மற்றப் பிள்ளைகளோடு கலந்து வைக்கலாம். வளர்ந்தவர்களை என்ன செய்வது? சிற்றாலயத்தின் தளத்திலே ஒரு கதவு இருந்தது. அதன் கீழே இரண்டரை மீட்டர் நீளமும், ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த உயரமுமுள்ள ஒரு குழி. ஏழு பிள்ளைகள் அதற்குள் ஐந்து நாட்கள் இருந்தார்கள். நிற்க முடியாது, நீட்டிப் படுக்கவும் இடமில்லை. இரவிலே மாத்திரம் முற்றத்துக்கு வந்து கைகால்களை அசைத்து, உண்டு, திரும்பவும் இறங்கினார்கள். அவர்கள் தலைக்கு மேலே இருந்தது சகோதரிகள் தினந்தோறும் ஜெபிக்கிற அதே தளம். அந்த மறைவிடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பிள்ளைகளை மதம் மாற்றிவிட வேண்டும் என்பது பெர்கோனின் எண்ணமாயிருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். தம்முடைய விசுவாசத்தில் உறுதியாயிருந்தவர் அவர். ஆனாலும் பிள்ளைகள் யூதப் பிள்ளைகளாகவே தங்கள் ஜனத்தாரிடம் திரும்ப வேண்டும் என்று விரும்பினார். தாய் தந்தையர் இவரை நம்பித் தங்கள் குழந்தைகளை மாத்திரமல்ல, விலையுயர்ந்த பொருட்களையும் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

1980இல் இஸ்ரவேலின் யாத் வாஷெம் நினைவகம் பெர்கோனை, ஜாதிகளுக்குள் நீதிமான்களாக எண்ணப்படுகிறவர்களின் வரிசையில் சேர்த்துக் கனப்படுத்தியது. 2006இல், தம்முடைய 94ஆம் வயதில் அவர் மரித்தார். மடமிருந்த வளாகத்திலே ஒரு கேதுரு மரம் நிற்கிறது. 1992 ஏப்ரல் 5ஆம் தேதி நடப்பட்டது. அதனருகேயுள்ள பலகையில் அவர் பெயரும், பேராயர் சலியேஜின் பெயரும், 83 என்கிற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.