கேட் துடிப்பு எந்தக் கடிகாரத்தை நம்புவது?

மும்முனை தைரிஸ்டர் ரெக்டிஃபையரைக் கணினியில் சிமுலேஷன் செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். ஆறு தைரிஸ்டர்களும் சுமையும் சரியாக இணைந்திருக்கும். வெளியீடு மட்டும் கணக்கோடு ஒத்துவராது. 415 வோல்ட் மின்சாரத்தில் ஃபயரிங் கோணம் 60 பாகை எனில் சராசரியாக 280 வோல்ட் வரவேண்டும், வருவதோ 485. முனையின் மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணத்திலிருந்து அவர்கள் கோணத்தை எண்ணியிருப்பார்கள். மரபு, அதிலிருந்து 30 பாகை கழித்து, அம்முனை மற்ற இரண்டையும் மிஞ்சும் கணத்தையே பூச்சியமாகக் கொள்கிறது. 50 ஹெர்ட்ஸில் இந்த இடைவெளி 1.67 மில்லிவினாடி.

இம்மரபு தைரிஸ்டரைவிட மூத்தது. 1902இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் உருவாக்கிய பாதரச வில் ரெக்டிஃபையரில் எந்த நேர்மின்வாயின் மின்னழுத்தம் மிகுதியோ, அதற்கு மின்வில் தானாகவே தாவிவிடும். பின்னர் வந்த கட்டுப்பாட்டு வலை செய்ததெல்லாம் அத்தாவலைச் சற்று நேரம் தடுத்துவைத்ததே. ஆகவே ஃபயரிங் கோணம் என்பது அடிப்படையில் ஒரு தாமதம். தடையின்றித் தாவியிருக்கக்கூடிய கணமே அதன் தொடக்கம். இந்த வரலாற்றை ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் பாடநூல்களின் 30 பாகை மனப்பாடச் சுமையாக இராது.

சொற்களும் அக்காலத்தவையே. இக்னைட்ரானில் ஒவ்வொரு சுற்றுக்கும் மின்வில் உண்மையாகவே பற்றவைக்கப்பட்டது. 1959இல் இந்திய ரயில்வேக்கு வந்த டபிள்யூஏஎம்-1 மின் எஞ்சின்களில் இருந்தவை அத்தகைய ரெக்டிஃபையர்கள்தாம். சிலிக்கானில் எதுவும் பற்றுவதில்லை. ‘ஃபயரிங்’ மட்டும் எஞ்சியது. தைரட்ரான், டிரான்சிஸ்டர் ஆகிய இரண்டின் ஒட்டே தைரிஸ்டர். ‘தைரா’ கிரேக்கத்தில் கதவு. கதவுக்கு நாம் இன்னொரு ‘கேட்’ வைத்திருக்கிறோம்!

பூச்சியம் எதுவென்று தெரிந்தபின், அதை எதைக்கொண்டு கண்டறிவது என்பதே கடினமான வினா. தொடக்ககால உயர் மின்னழுத்த நேர்மின் கடத்தல் நிலையங்களில் ஒவ்வொரு வால்வின் துடிப்பும் அதற்குரிய மின்னழுத்தத்திலிருந்தே காலம் பெற்றது. இயல்பான ஏற்பாடுதான், ஆனால் ரெக்டிஃபையர் தானே வலையமைப்பின் அலைவடிவத்தைச் சிதைக்கிறது. வலையமைப்பு வலுவற்றதாயின் மின்னழுத்தம் கடக்கும் கணங்கள் நகர்கின்றன. அவற்றோடு துடிப்புகளும் நகர்கின்றன. அந்நகர்வு புதிய ஹார்மோனிக் அலைகளைப் பிறப்பித்துச் சிதைவைப் பெருக்குகிறது. தன் நிழலைப் பார்த்து நேரம் சொல்பவர் நிழலையே அசைத்துக்கொண்டிருந்தால் என்னாகும்?

இந்நிலையின்மையை 1967இல் ஜே. டி. ஐன்ஸ்வொர்த் ஆராய்ந்து எழுதினார். மறு ஆண்டு தீர்வையும் முன்வைத்தார். ஒவ்வொரு முனையையும் தனித்தனியே கேட்பதற்குப் பதிலாக ஒரே அலையியற்றி சம இடைவெளியில், ஆறு துடிப்பு அமைப்பெனில் 60 பாகைக்கு ஒன்றாக, துடிப்புகளை வழங்கும். பின்னூட்டம் அதன் வேகத்தை மெல்லத் திருத்தி வலையமைப்போடு பூட்டிவைக்கும். கணநேரச் சிதைவுகளுக்கு அது உடனே செவிசாய்ப்பதில்லை. என் பார்வையில், பாதரசத்திலிருந்து சிலிக்கானுக்கு மாறியதற்கு நிகரான திருப்பம் இது. பாடத்திட்டங்களில் அதற்கு அத்தனை இடமில்லை.

சிமுலேஷன் மென்பொருளில் கட்டப் பூட்டுச் சுற்று, அதாவது பிஎல்எல், ஒரு சிறு பெட்டியாக இருக்கிறது. இலட்சிய மின்மூலத்தை இணைத்தால் அது இல்லாமலும், வெறும் பூச்சியக் கடப்பைக் கொண்டே, எல்லாம் அழகாக ஓடும். ஆகவே அது தேவையற்ற அலங்காரமாகத் தோன்றும். மூலத்தோடு சிறிதளவு இண்டக்டன்ஸைச் சேர்த்து, மின்னழுத்தத்தை ரெக்டிஃபையரின் முனையங்களில் அளந்து பாருங்கள். ஒரு தைரிஸ்டரிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் இரு முனைகள் கணநேரம் குறுக்கிணைந்து, அவற்றுக்கிடையிலான மின்னழுத்தம் பூச்சியத்தில் விழும். பூச்சியக் கடப்பை நம்பிய சுற்றுக்கு அப்போது எது உண்மையான பூச்சியம் என்று தெரியாது.