கைநாட்டு வைக்கிறவங்களுக்கு என்ன டெஸ்ட்?

இந்த எபிசோடை எங்க அப்பாயிகிட்டேர்ந்து தொடங்குறேன்.

ஊர், பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டை. பருத்திக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். எங்க காட்டுல பருத்தி எடுக்க வர்ற ஆளுங்களுக்குக் கூலிக் கணக்கை அப்பாயி வாயாலயே போட்டுரும். பள்ளிக்கூடம் போனதே இல்ல, பத்திரத்துல கைநாட்டுதான். ஒரு வருசம் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை கூலி கொடுத்துச்சு. நாங்க சிரிச்சோம்.

அப்புறம் குழம்புக்கு உப்பு போட்டதே மறக்க ஆரம்பிச்சதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாங்க. தேதி கேட்டப்ப அப்பாயி, "ஐப்பசி பொறந்து நாலு நாளாச்சு"ன்னுச்சு. சரியான பதில் அது! "படிக்காதவங்க, வயசும் ஆச்சு, இப்படித்தான் இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. டிமென்ஷியாங்கிற வார்த்தை எங்க வீட்டுக்கு வர்றதுக்கு இன்னும் மூணு வருசம் ஆச்சு.

இந்தச் சோதனைகளோட கதை பழசு. 1901 நவம்பர்ல, ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு அகுஸ்தே டெட்டர்னு 51 வயசுப் பெண்ணைக் கொண்டு வந்தாங்க. டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பேரை எழுதச் சொன்னார். பாதியிலேயே மறந்துட்டாங்க. 1906ல அவங்க இறந்த பிறகு மூளையை மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டு, அதே வருசம் அதைப் பத்தி ஒரு கூட்டத்துல பேசினார். 1910ல எமில் கிரேப்பலின் அந்த நோய்க்கு அல்சைமர் பேரையே வெச்சார். டிமென்ஷியாவுல அதிகமா பார்க்கிற வகை அதுதான்.

எழுதத் தெரிஞ்சவங்க எழுத்தை மறந்தா அது அறிகுறி. எழுத்தே தெரியாதவங்களுக்கு? 1975ல அமெரிக்காவுல வந்து உலகம் முழுக்கப் பரவின எம்.எம்.எஸ்.இ. சோதனையிலயும் கழித்தலும் வாக்கியமும்தான் இருந்துச்சு.

இந்தக் கேள்வியைக் கையில எடுத்தது, 1998ல நம்ம பக்கத்துல கொச்சியில உருவான 10/66 ஆய்வுக் குழு. பேருக்கு அர்த்தம்: டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க, ஆய்வுல 10 சதவீதம்கூட அவங்களைப் பத்தி இல்ல. சென்னையிலயும் வேலூர் கிராமங்கள்லயும் வீடு வீடா போனாங்க. பத்து வார்த்தையைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வெச்சாங்க. கூடவே, வீட்டு ஆள்கிட்டயும் கேட்டாங்க: முன்ன செஞ்ச வேலையில என்ன மாறியிருக்கு?

எங்க அப்பாகிட்ட யாராவது அதைக் கேட்டிருந்தா, அந்தக் கூலிக் கதை ஒண்ணு போதும்.

2024ல லான்செட் ஆணையம் 14 காரணங்களைச் சொல்லுச்சு. அத்தனையையும் சரி பண்ண முடிஞ்சா, உலகத்துல கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பு இருக்காம். பிரஷர், சுகர், புகை எல்லாம் நீங்க எதிர்பார்க்கிறதுதான். எனக்கு உறுத்தினது, சின்ன வயசுல படிப்பு கிடைக்காததும் அதுல ஒண்ணுங்கிறது. அப்பாயிக்கு மறுக்கப்பட்டதும் அதுதான், டெஸ்ட்ல கேட்டதும் அதுதான்.

காது கேட்காம போறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அப்பாவுக்கு இப்ப காது மந்தம். "வயசானா இப்படித்தான்டா"ன்னார். விடாம இழுத்துட்டுப் போனேன். மிஷினை மாட்டிட்டு வீட்டுக்கு வந்ததும் மேல பார்த்து, "இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா போடுது?"ன்னு கேட்டார்.