போக்காடு

ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' என்று ஒரு கூட்டுச்சொல் உண்டு. அடுத்தவர் குற்றத்துக்குப் பழி சுமப்பவன் என்று பொருள். தமிழில் அதைப் 'பலிகடா' என்று எழுதிவருகிறோம். இவ்விரண்டு சொற்களும் ஒரே ஆட்டைக் குறிக்கவில்லை என்பது என் கட்சி. இது அகராதிச் சண்டை அல்ல. எந்த ஆட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் எழுதினால், பழி சுமத்துகிறவர்களின் முகம் நம் எழுத்தில் விழாமலே போய்விடுகிறது.

சொல் பிறந்த இடம் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம், 16ஆம் அதிகாரம். பாவ நிவர்த்தி நாளன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்கு விழுகிறது. அதை வெட்டுகிறார்கள்; அதன் ரத்தம் பரிசுத்த ஸ்தலத்தின் தீட்டைப் போக்குகிறது. மற்றதன் தலைமீது ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுகிறான். பிறகு ஒரு ஆள் அதை வனாந்தரத்துக்கு ஓட்டிப்போய் விட்டுவிடுகிறான். போனவன் துணி துவைத்துக் குளித்த பிறகே பாளயத்துக்குள் வரலாம்.

ஆக, பலிகடா முதல் ஆடு, ஸ்கேப்கோட் இரண்டாவது. முன்னது கடவுளுக்கு உகந்தது. பின்னது அழுக்கைச் சுமந்துகொண்டு வெளியேறுவது. அதை யாரும் கடவுளுக்குப் படைக்கவில்லை.

ஹீப்ரு மூலத்தில் இரண்டாவது ஆடு 'அஸாஸேலுக்கு' உரியது. அஸாஸேல் ஓர் இடமா, பேயா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஏனோக்கின் நூலில் அவன் மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுத்து, அதற்காக வனாந்தரத்தில் கட்டிப்போடப்பட்ட தேவதூதன். ஆனால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பெயரை இரண்டாகப் பிளந்து படித்தார்கள்: 'ஏஸ்' என்றால் ஆடு, 'ஆஸல்' என்றால் போய்விட்டது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது அனுப்பிவிடப்படுவது என்றாயிற்று. ஜெரோம் லத்தீனில் 'காப்பர் எமிஸாரியுஸ்' என்றார். அனுப்பப்பட்ட கடா.

1530இல் வில்லியம் டிண்டேல் ஐந்தாகமங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது உண்டாக்கிய சொல்தான் 'ஸ்கேப்கோட்'. 'ஸ்கேப்' என்பது 'எஸ்கேப்' என்பதன் தலை தேய்ந்த வடிவம். 1611இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அதை எடுத்துக்கொண்டது. 1885இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு மறுபடியும் 'அஸாஸேல்' என்றே போட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சொல் வேதத்தை விட்டு வெளியே வந்து, பழி சுமக்கும் மனிதனுக்குப் பெயராகிவிட்டது.

ஜெரோமின் ஆடு அனுப்பப்படுகிறது. டிண்டேலின் ஆடு தப்பிக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தப்பித்தது உண்மையில் யார்? பாளயத்துக்குள் இருந்தவர்கள். தங்கள் தப்பித்தலை ஆட்டின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். ஆடு தப்பவும் இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, எருசலேம் ஆலயம் இருந்த காலத்து வழக்கத்தைச் சொல்கிறது: ஆட்டை ஒரு செங்குத்தான பாறைக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவார்கள். லேவியராகமத்தில் இந்தத் தள்ளுதல் இல்லை. அது திரும்பி வந்துவிடுமோ என்ற பயமே இதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயம் நியாயமானது. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி ஆல்பிரெட் டிரைபஸ், ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894இல் தண்டிக்கப்பட்டார். 1895 ஜனவரி 5 அன்று, பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில், பலரும் பார்க்க அவருடைய பட்டைகளைப் பிய்த்தார்கள், வாளை முறித்தார்கள். ஆரோனின் இரண்டு கைகளும் இதைத்தான் செய்தன. பிறகு அவரைக் கடல் தாண்டி டெவில்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1896இல் கர்னல் பிக்கார், உண்மைக் குற்றவாளி எஸ்டெர்ஹாஸி என்று கண்டுபிடித்தார். ராணுவம் பிக்காரையும் துனீசியாவுக்கு அனுப்பிவிட்டது. 1898இல் எஸ்டெர்ஹாஸி விடுதலை. 1899இல் டிரைபஸ் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். ராணுவ நீதிமன்றம் அவரை மறுபடியும் குற்றவாளி என்றது. 1906இல்தான் அவர்மீதிருந்த களங்கம் சட்டப்படி நீங்கியது. போன ஆடு திரும்பினால், அது சுமந்துபோனதும் கூடவே திரும்புகிறது. அதை இறக்கிவைக்க அவர்களிடம் இடம் இல்லை.

தண்டிக்கப்பட்டவர் எல்லோரும் இந்த ஆடு அல்ல. 1536இல் வில்வூர்டேயில் டிண்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அவரையும் ஸ்கேப்கோட் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சொல்லக் கூடாது. அவர் தாமே எழுதியதற்காகவும் நம்பியதற்காகவும் செத்தார். அடுத்தவர் குற்றம் எதுவும் அவர் தலைமேல் ஏற்றப்படவில்லை. அவர் தியாகி. அந்தச் சொல்லுக்கும் அதன் கண்டிப்பு உண்டு.

பலிகடா என்றதும் நமக்கு மாலையும் மஞ்சளும் ஞாபகம் வருகின்றன; இரக்கம் வருகிறது. பலி கொடுப்பவனுக்குத் தான் செய்வது பலி என்று தெரியும். ஆட்டைக் குற்றவாளி என்று அவன் நினைப்பதில்லை. டிரைபஸுக்கு அந்த இரக்கம்கூடக் கிடைக்கவில்லை. முற்றத்துக்கு வெளியே நின்று கூச்சலிட்ட கூட்டம் அவர் துரோகி என்று மனதார நம்பியது. இந்த நம்பிக்கைதான் விஷயத்தின் மையம். பலிகடா என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. நம் வேதாகமத்தில் இதே அதிகாரத்தில் 'போக்காடு' என்று இருக்கிறது. போக்கிவிடப்பட்ட ஆடு. டிண்டேலின் சொல்லைவிட நேர்மையானது: தப்பித்ததாகப் பாசாங்கு செய்யவில்லை, போக்கியவர்கள் உண்டு என்று சொல்கிறது. கோயிலோடு நின்றுவிட்ட அந்தச் சொல்லை எழுத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதுமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குற்றம் வேறு யாருடையது, வெளியே துரத்தியது யார், அவன் திரும்பிவந்தால் யாருக்குத் தூக்கம் கெடும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பலிகடா என்றே எழுதிக்கொள்ளலாம்.