ஒரு தடம் தள்ளிப் போங்கள்

அமெரிக்காவில் 'மூவ் ஓவர்' என்று ஒரு சட்டம் உண்டு. அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம் வயதுக்காரர்கள் பலரும், பெயர் தெரியாமலே அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். சாலையோரத்தில் விளக்கு மின்ன ஒரு போலீஸ் கார் நின்றால், பின்னால் வருகிறவர் அதை ஒட்டிய தடத்தை விட்டு ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும். தள்ளிப் போக இடமில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இந்த இரண்டு வரி எழுதப்படுவதற்கு எத்தனை பேர் அடிபட வேண்டியிருந்தது என்பதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் 12 அடி. அவசரத்துக்கு ஒதுங்க வலது ஓரத்தில் 10 அடி ஷோல்டர். காரின் அகலம் ஆறு, ஆறரை அடி. கார் அதில் ஒதுங்கி நின்றால், ஓட்டுநர் கதவுக்கும் வண்டிகள் ஓடுகிற தடத்துக்கும் இடையே மிஞ்சுவது மூன்று, நான்கு அடிதான். அந்த இடுக்கில் நின்றுகொண்டுதான் காவலர் லைசென்ஸ் கேட்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் மணிக்கு 70 மைல் வேகத்தில் லாரிகள் போகின்றன. அதாவது வினாடிக்கு 31 மீட்டர். லாரி ஓட்டுகிறவர் இரண்டு வினாடி செல்போனைக் குனிந்து பார்த்தால், 60 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு வந்த கணக்கு. இதனால்தான் அங்கே பல காவலர்கள் ஓட்டுநர் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு வலது பக்கக் கண்ணாடி வழியாகக் குனிந்து பேசுகிறார்கள்.

போலீஸ்காரருக்கு ஆபத்து என்றால் நமக்குத் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். ஆனால் 2000ஐ ஒட்டிய பல ஆண்டுகளில் அமெரிக்கக் காவலர்களைத் துப்பாக்கியைவிடச் சாலைதான் அதிகம் பலி வாங்கியது.

சட்டத்தின் கதை தென் கரோலினாவில் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்தவர் போலீஸ்காரர் அல்ல, ஜேம்ஸ் கார்சியா என்ற ஆம்புலன்ஸ் ஊழியர். 1994 ஜனவரி 28 அன்று லெக்சிங்டனில் ஒரு விபத்து நடந்த இடத்தில் அவரை ஒரு வண்டி இடித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் தவறு அவர் பேரில்தான் என்று பதிவு செய்தது. அடியும் அவருக்கு, பழியும் அவருக்கு! மனிதர் அதோடு விடவில்லை. சாலையோரத்தில் நின்று உதவி செய்கிறவர்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1996இல் தென் கரோலினா அதை நிறைவேற்றியது. 2002இல் அதைத் திருத்தினார்கள்.

காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் போலீஸ் அதிகம் பயன்படுத்தியது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா கார். அதன் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து வேகமாக ஒரு வண்டி மோதியபோது தீப்பிடித்துக் காவலர்கள் உள்ளேயே கருகிய சம்பவங்கள் உண்டு. பெரிய சர்ச்சையான பிறகு, 2002இல் ஃபோர்டு நிறுவனம் டேங்கைச் சுற்றிப் பொருத்தத் தடுப்புத் தகடுகள் தர முன்வந்தது.

இல்லினாய் மாநிலத்தில் இதே சட்டத்துக்கு 'ஸ்காட் சட்டம்' என்று பெயர். ஸ்காட் கில்லன் சிகாகோ தீயணைப்புத் துறை லெப்டினன்ட். 2000 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், விரைவுச்சாலையில் விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவர் அவரை இடித்துக் கொன்றார்.

சட்டம் வந்ததும் சாவு நின்றுவிடவில்லை. அதே மாநிலத்தில் 2019 ஜனவரி 12, நல்ல பனி. கிறிஸ்டோபர் லாம்பர்ட் என்ற மாநிலக் காவலர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், மூன்று கார்கள் மோதிக் கிடப்பதைப் பார்த்தார். பார்க்காததுபோல் போயிருக்கலாம். அவர் நிறுத்தினார். விபத்தில் சிக்கியவர்களுக்கு மறைப்பாக இருக்கும்படி தன் காரை வேண்டுமென்றே குறுக்கே நிறுத்தினார் என்று அவருடைய துறை பின்னர் தெரிவித்தது. வெளியே இறங்கி நின்றவரை ஒரு வண்டி அடித்தது. அதே மார்ச் 28 அன்று, ப்ரூக் ஜோன்ஸ்-ஸ்டோரி என்ற பெண் காவலர் ஒரு டிரக்கை ஓரம்கட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தபோது இன்னொரு டிரக் மோதி இறந்தார். அடுத்த ஆண்டு முதல், சட்டத்தை மீறுகிறவருக்குக் குறைந்த அபராதமே 250 டாலர். அதிகபட்சம் 10,000 டாலர்.

இப்படி மாநிலம் மாநிலமாகப் பரவி, 50ஆவதாக 2012இல் ஹவாய் வந்து சேர்ந்தது. அதற்கும் ஹொனலுலு காவலர்கள் இரண்டு பேர், 2011 செப்டம்பரிலும் 2012 ஜனவரியிலுமாக, சாலையில் கடமையில் இருந்தபோது வண்டி மோதிச் சாக வேண்டியிருந்தது. 49 மாநிலங்களில் அதற்குள் சட்டம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சாவு போதாது, நம் வீட்டில் விழுந்தால்தான் விழிப்போம் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான குணம் போலிருக்கிறது.

நம் நாட்டில் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194ஈ என்ற பிரிவு இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி முதலிய அவசர வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அது வருகிற வண்டியைப் பற்றிப் பேசுகிறது. ஓரத்தில் நிற்கிற வண்டியையும், அதன் பக்கத்தில் நிற்கிற மனிதரையும் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்பது சாலை போட்டே காலம் கழித்த என்னுடைய அபிப்பிராயம்.

அமெரிக்காவுக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நாம் பெரும்பாலும் மகனோ மருமகனோ ஓட்ட, பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்போம். தூரத்தில் விளக்கு மின்னினால், "தம்பி, இடது பக்கம் ஒரு லேன் தள்ளிப் போப்பா" என்று சொல்லுங்கள். "தெரியும்ப்பா" என்று அலுத்துக்கொள்வார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.